கட்டட மாடல் திணறும்போது எதை, எந்த வரிசையில் சரிசெய்வது: டர்பனிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் 60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தை மாற்றவோ இடிக்கவோ வேண்டுமென்றாலும், 1999ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய வளச் சட்டத்தின்படி முன்அனுமதி பெற வேண்டும். அதனால் டர்பனைச் சுற்றியுள்ள பழைய கோயில்களில் திருப்பணி என்று பேச்சு எழுந்தவுடன், இருப்பதை இருந்தபடியே காட்டும் துல்லியமான வரைபடங்கள் தேவைப்படுகின்றன. சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் சிறிய வரைபட அலுவலகத்துக்கு அப்படி வந்த ஒரு வேலைதான் இந்த வழிகாட்டிக்குக் காரணம். மூன்று நிலைக் கோபுரம் ஒன்றை அதன் சுதைச் சிற்பங்களோடு ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண மென்பொருளில் மாடலாக உருவாக்கியிருந்தோம். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஸ்தபதி என் அருகில் அமர்ந்து, தெற்கு முகத்தைக் காட்டும்படி கேட்டார். மவுஸை அசைத்தேன், திரை அப்படியே உறைந்துவிட்டது. கோபுரம் திரும்பி நிற்க ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆயிற்று.

புதிய கணினி வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அன்று மாலை எங்களுக்குத் தோன்றிய முதல் யோசனை. வாங்கவில்லை. மாடலையும் அமைப்புகளையும் ஒழுங்குபடுத்திய பிறகு அதே கணினியில் அந்த வேலை முழுவதும் நடந்து முடிந்தது. ஆகவே இங்கே சொல்லும் வரிசையை மாற்றாமல் பின்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். தடை எங்கே இருக்கிறது என்று முதலில் அளக்க வேண்டும். அடுத்து மாடலை இலகுவாக்க வேண்டும். பிறகு மென்பொருள், விண்டோஸ் அமைப்புகள். அதன்பின் வெப்பமும் மின்சாரமும். பணம் செலவழிப்பது கடைசியில்தான். தொடங்குவதற்கு முன் மாடல் கோப்பை வேறொரு வட்டில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். கீழே வரும் வேலைகளில் சில, கோப்பிலிருந்து பொருள்களை நிரந்தரமாக நீக்குபவை.

முதற்படி: தடை எங்கே என்று அளப்பது

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தச் செயலைச் செய்யும்போது மாடல் திணறுகிறதோ அதையே மீண்டும் செய்து பாருங்கள். பலர் இந்த இடத்தில்தான் ஏமாந்து போகிறார்கள். பிராசசரின் மொத்தப் பயன்பாடு 6 அல்லது 7 சதவீதம் மட்டுமே என்று திரை காட்டும். கணினி சும்மாதானே இருக்கிறது, பிறகு ஏன் மாடல் நகரவில்லை என்று குழம்புவோம். உண்மையில், 8 கோர்களும் (கணக்கிடும் அலகுகள்) 16 திரெட்களும் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைத் தொடர்கள்) கொண்ட ஒரு பிராசசரில் ஒரேயொரு திரெட் முழு வேகத்தில் ஓடினால், மொத்தக் கணக்கில் அது பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 6 சதவீதம்தான். ஸ்கெட்ச்அப் மென்பொருளில் வடிவங்களைத் திருத்துவதும், ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் சுவர், கூரை போன்றவற்றை மாற்றும்போது நடக்கும் மறுகணக்கீட்டின் பெரும்பகுதியும் ஒரு கோரையே நம்பி நடப்பவை. ஒரு கணக்கின் விடை வந்த பிறகே அடுத்த கணக்கைத் தொடங்க முடியும் என்பதால் அந்த வேலையைப் பல கோர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க முடிவதில்லை. டாஸ்க் மேனேஜர் காட்டும் வரைபடத்தின்மீது மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, ஒவ்வொரு லாஜிக்கல் பிராசசரையும் தனித்தனியே காட்டும்படி மாற்றினால், ஒன்று மட்டும் உச்சத்தில் நிற்பதையோ, அந்தச் சுமை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதையோ காணலாம்.

ரேம் 90 சதவீதத்தைத் தாண்டி, அதே வேளையில் வட்டின் பயன்பாடும் உயர்ந்தால், நினைவகம் போதாமல் விண்டோஸ் வட்டை ரேம்போலப் பயன்படுத்துகிறது என்று பொருள். கிராபிக்ஸ் கார்டு 100 சதவீதத்தில் நின்றால் திரையில் வரையும் சுமை அதிகம். கிராபிக்ஸ் கார்டு 0 சதவீதத்திலேயே கிடந்தால் இன்னும் கவலைப்பட வேண்டும். மென்பொருள் அந்தக் கார்டைப் பயன்படுத்தவே இல்லை. கண்டதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். கோப்பு திறக்க எத்தனை விநாடி, ஒருமுறை சேமிக்க எத்தனை விநாடி, மாடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எத்தனை விநாடி என்று மூன்று எண்கள் போதும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இந்த மூன்றையும் மறுபடி அளந்தால்தான் எது பயன் தந்தது என்று தெரியும்.

இரண்டாம் படி: மாடலை இலகுவாக்குவது

என் அனுபவத்தில் பெரும்பாலான தொல்லை இங்கேதான் இருக்கிறது. நேரத்தையும் இங்கேதான் அதிகம் செலவிட வேண்டும்.

அன்று திரை உறைந்து நின்றபோது ஸ்தபதி சிறிது நேரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பி, ரெண்டாம் நிலையில இருக்கிற யாளி வரிசை எல்லாம் ஒரே அச்சுல வார்த்ததுதானே? நீங்க ஒவ்வொண்ணையும் தனித்தனியாவா செஞ்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். ஆமாம், அப்படித்தான் செய்து வைத்திருந்தோம். இறக்குமதி செய்தபோது யாளியை எக்ஸ்ப்ளோடு செய்து (தனிக் கோடுகளாகவும் முகங்களாகவும் பிரித்து), அந்தக் கோடுகளையும் முகங்களையும் அப்படியே நகலெடுத்து வரிசைப்படுத்தியிருந்ததால், 40 யாளிகளும் 40 தனி வடிவங்களாகக் கோப்பில் கிடந்தன. ஸ்தபதி சொன்ன அச்சுக்குத்தான் ஸ்கெட்ச்அப்பில் காம்பொனென்ட் என்று பெயர். ஒரு யாளியைக் காம்பொனென்ட் ஆக்கிவிட்டால் அதன் வடிவம் கோப்பில் ஒரே ஒருமுறை எழுதப்படும். மற்ற 39 இடங்களிலும் அந்த வடிவம் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். ஒன்றைத் திருத்தினால் நாற்பதும் திருந்தும் என்பது கூடுதல் நன்மை. வீட்டுத் திட்டங்களில் சன்னல், கதவு, கைப்பிடிக் கம்பி, கூரை ஓடு ஆகியவற்றுக்கும் இதையே செய்யுங்கள். கையால் நகலெடுத்த பொருள் ஒன்றுகூட மீதியிருக்கக் கூடாது.

அடுத்தது ஸ்கேன் செய்த சிற்பங்கள். புகைப்படங்களிலிருந்து உருவாக்கிய மெஷ் (முக்கோணங்களால் ஆன வலை வடிவம்) ஒவ்வொன்றிலும் சுமார் 80,000 முக்கோணங்கள் இருந்தன. 64 சிற்பங்களுக்கு 51 லட்சத்துக்கும் மேல். ஸ்கெட்ச்அப் போன்ற மென்பொருள் அந்தச் சுமையைத் தாங்குவதற்காக உருவாக்கப்பட்டதன்று. ஒவ்வொரு மெஷ்ஷையும் இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளில் திறந்து, டெசிமேட் என்ற மாடிஃபையரைச் சேர்த்து, அதன் விகிதத்தை 0.1 என்று வைத்தோம். 80,000 முக்கோணங்கள் 8,000 ஆயின. துவாரபாலகரின் மீசையும் கை விரல்களும் சற்று மழுங்கின. ஆனால் கோபுரத்தின் முழுத் தோற்றத்தை ஒரு தாளில் அச்சிடும்போது அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியவில்லை. அசல் மெஷ்ஷைத் தனிக் கோப்பாகப் பாதுகாத்து வைத்தோம், ஏனெனில் ஆவணப்படுத்தும் வேலைக்கு அந்த நுணுக்கம் வேண்டும். ரெண்டர் செய்யும்போது, அதாவது மாடலிலிருந்து உண்மைபோன்ற படத்தை உருவாக்கும்போது, முழு நுணுக்கமும் தேவைப்பட்டால் வி-ரே, என்ஸ்கேப் போன்ற ரெண்டர் மென்பொருள்களில் பிராக்ஸி வசதி உள்ளது. மாடலில் எளிய உருவம் நிற்கும். படம் உருவாகும் நேரத்தில் மட்டும் கனமான மெஷ் அதன் இடத்துக்கு வரும்.

மேற்பரப்புப் படங்கள் பலர் கவனிக்காத சுமை. வட்டில் 3 எம்பி மட்டுமே பிடிக்கும் ஒரு ஜேபெக் படம், 4096க்கு 4096 புள்ளிகள் கொண்டதாக இருந்தால், சுருக்கம் நீங்கிய நிலையில் நினைவகத்தில் 64 எம்பி இடம் பிடிக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட் என்று பெருக்கிப் பார்த்தால் கணக்கு விளங்கும். அதையே 1024க்கு 1024 ஆகக் குறைத்தால் 4 எம்பிதான். தூரத்தில் தெரியும் மதில் சுவருக்கும் தரைக் கல்லுக்கும் பெரிய படம் தேவையில்லை. பார்வைக்கு மிக அருகில் வரும் ஒன்றிரண்டு பரப்புகளுக்கு மட்டும் பெரிய படத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சுருக்கிவிடுங்கள்.

இனிச் சொல்வது தென்னாப்பிரிக்காவில் வேலை செய்வோருக்கு மிக முக்கியமானது. நில அளவையாளர் தரும் வரைபடம் இங்கே ஹார்ட்டெபீஸ்டூக் 94 அடிப்படையில், லோ எனப்படும் ஆயமுறையில் வரும். டர்பன் பகுதிக்கு லோ 31. இந்த முறையில் தெற்கு நோக்கிய தூரம் பூமத்திய ரேகையிலிருந்து அளக்கப்படுவதால், டர்பனில் உள்ள ஒரு மனையின் மூலைப்புள்ளிக்குச் சுமார் 33 லட்சம் மீட்டர் என்ற எண் இருக்கும். அந்த வரைபடத்தை அப்படியே மாடலுக்குள் கொண்டுவந்தால், நம் கட்டடம் மாடலின் தொடக்கப் புள்ளியிலிருந்து 3,300 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கும். கிராபிக்ஸ் கார்டுகள் புள்ளிகளின் இடத்தைப் பெரும்பாலும் 32 பிட் எண்களாகவே கையாளுகின்றன. அந்த எண்ணில் ஏழு இலக்கங்கள் அளவுக்கே துல்லியம் உண்டு. 33 லட்சம் மீட்டர் தொலைவில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையிலான இடைவெளி கால் மீட்டர். விளைவு, கோடுகள் நடுங்கும், முகங்கள் மினுமினுக்கும், பெரிதாக்கிப் பார்த்தால் பொருள் மறையும், தேர்வு செய்த புள்ளி பிடிபடாது. இதைக் கிராபிக்ஸ் கார்டின் கோளாறு என்று நினைத்து அதை மாற்றியவர்களை நான் அறிவேன். செய்ய வேண்டியது எளிது: மனையின் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, அதன் லோ எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு, மாடலுக்குள் கொண்டுவருவதற்கு முன்பே கேட் எனப்படும் கணினி வரைபட மென்பொருளில் அந்த மூலையைச் சுழியப் புள்ளிக்கு நகர்த்திவிடுங்கள். ரெவிட்டில் உண்மையான ஆயங்களை ஷேர்டு கோஆர்டினேட்ஸ் வழியாகத் தனியே பதிவு செய்யலாம். வடிவங்கள் மட்டும் உள் தொடக்கப் புள்ளிக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

மீதி வேலைகள் விரைவில் முடிபவை. ஸ்கெட்ச்அப்பில் மாடல் இன்ஃபோ சாளரத்தின் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பகுதிக்குச் சென்று பர்ஜ் அன்யூஸ்டு பொத்தானை அழுத்தினால், பயன்படாத காம்பொனென்ட்களும் மேற்பரப்புகளும் நீங்கும். முயன்று பார்த்துக் கைவிட்ட நாற்காலிகளும் மரங்களும் கோப்பில் எத்தனை ஒளிந்திருந்தன என்பது அப்போதுதான் தெரியும். ரெவிட்டிலும் அதே பெயரில் மேனேஜ் பகுதியில் கட்டளை உள்ளது. ரெவிட் பயன்படுத்துவோர் கேட் வரைபடத்தை இம்போர்ட் செய்யாமல் (கோப்புக்குள் சேர்க்காமல்) லிங்க் செய்ய (வெளியிலிருந்து இணைக்க) வேண்டும். இம்போர்ட் செய்த வரைபடத்தை எக்ஸ்ப்ளோடு செய்தால் அதன் கோட்டு வகைகளும் நிரப்பு வடிவங்களும் கோப்பு முழுவதும் பரவி, பிறகு களையெடுப்பது பெரும் பாடாகிவிடும். ரெவிட்டில் சேர்ந்துபோன எச்சரிக்கைகளை வாரம் ஒருமுறையாவது பார்த்துத் தீர்த்துவிடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் சுவர்களைப் பற்றிய எச்சரிக்கை ஒவ்வொன்றும் மறுகணக்கீட்டில் நேரம் தின்கிறது. மாதம் ஒருமுறை, கோப்பின் பிழைகளைச் சோதிக்கும் ஆடிட் என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்துக் கோப்பைத் திறப்பது நல்லது.

இந்தப் படி முடிந்தபோது எங்கள் கோபுரம் தடங்கலின்றிச் சுழன்றது. அரை ஜிபியைத் தாண்டியிருந்த கோப்பு அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது.

மூன்றாம் படி: திரையில் தெரிவதைக் குறைப்பது

வரையும்போது நிழல் தேவையில்லை, அணைத்துவிடுங்கள். ஸ்கெட்ச்அப்பில் விளிம்புகளின் தடித்த கோடுகளான ப்ரொஃபைல்ஸையும், மூடுபனியையும், கைவரை போன்ற பாணிகளையும் அணைத்து, வேலைக்கென ஓர் எளிய பாணியைச் சேமித்து வையுங்கள். சிற்பங்கள், மரங்கள், அறைகலன்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனி டேக் கொடுத்து, தேவைப்படாத நேரத்தில் மறைத்து வைக்கலாம். ஸ்கெட்ச்அப் 2024 முதல் புதிய கிராபிக்ஸ் எஞ்சின் ஒன்று வந்துள்ளது. கனமான மாடல்களைச் சுழற்றுவதில் அது உதவும், பழைய கார்டில் கோளாறு தெரிந்தால் அமைப்புகளில் பழைய எஞ்சினுக்குத் திரும்பிக்கொள்ளலாம். ரெவிட்டில் முப்பரிமாணக் காட்சிக்குச் செக்ஷன் பாக்ஸ் போட்டு, வேலை நடக்கும் பகுதியை மட்டும் காட்டுங்கள். திறந்து கிடக்கும் காட்சிகள் ஒவ்வொன்றும் சுமைதான், ஆகவே பயன்படாதவற்றை மூடுங்கள்.

நான்காம் படி: விண்டோஸ் அமைப்புகள்

மடிக்கணினிகளில் பெரும்பாலும் இரண்டு கிராபிக்ஸ் பகுதிகள் இருக்கும்: பிராசசரோடு சேர்ந்த எளியது ஒன்று, தனிக் கார்டு ஒன்று. மின்சக்தியை மிச்சப்படுத்த விண்டோஸ் சில வேளைகளில் எளியதையே மென்பொருளுக்குக் கொடுத்துவிடும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று சென்று, மாடலிங் மென்பொருளைப் பட்டியலில் சேர்த்து, ஹை பெர்ஃபார்மன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேசைக் கணினியில் கணினியின் பின்புறத்தைப் பாருங்கள். மானிட்டரின் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்க வேண்டும். மதர்போர்டில் செருகப்பட்டிருந்தால் விலை கொடுத்து வாங்கிய கார்டு வீணே உட்கார்ந்திருக்கும். இந்தப் பிழையை நான் மூன்று அலுவலகங்களில் கண்டிருக்கிறேன்.

பவர் மோடை உயர்ந்த செயல்திறனுக்கு மாற்றுங்கள். மடிக்கணினியை அதற்குரிய சார்ஜரில் செருகியே வேலை செய்யுங்கள். என்விடியா கார்டு வைத்திருப்போர், விளையாட்டுகளுக்கான டிரைவருக்குப் பதிலாக ஸ்டுடியோ டிரைவரை நிறுவினால் மாடலிங் மென்பொருள்களோடு நிலையாக இயங்கும். ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்புக் கோப்புறைக்குள் மாடலை வைத்துக்கொண்டு நேரடியாக வேலை செய்ய வேண்டாம். கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் அது மேலேறத் தொடங்கும். உள் வட்டில் வேலை செய்து, மாலையில் பிரதி எடுப்பதே முறை. சேமிக்கும்போது வைரஸ் தடுப்பு மென்பொருள் அதிக நேரம் எடுப்பதாகத் தெரிந்தால், உங்கள் சொந்தத் திட்டக் கோப்புறையை மட்டும் அதன் சோதனையிலிருந்து விலக்கலாம். பதிவிறக்கக் கோப்புறையை ஒருபோதும் விலக்காதீர்கள்.

ஐந்தாம் படி: வெப்பம்

டர்பனில் சனவரி, பிப்ரவரி மாதங்களின் புழுக்கத்தை இங்கே வாழ்வோருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறை சூடாக இருந்தால் பிராசசரின் வெப்பம் வெளியேற வழி குறைகிறது; 95 அல்லது 100 டிகிரி செல்சியஸை நெருங்கியதும், தன்னைக் காத்துக்கொள்ளப் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைக்கும். காலையில் நன்றாக ஓடிய மாடல் பிற்பகலில் மந்தமாகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் வெப்பநிலையையும் அப்போதைய வேகத்தையும் காட்டும்.

கடலோரக் காற்றில் ஈரமும் உப்பும் கலந்திருப்பதால் தூசி மற்ற ஊர்களைப் போல உலர்ந்து உதிராமல், விசிறியிலும் வெப்பத்தகடுகளிலும் பிசுக்காக ஒட்டிக்கொள்கிறது. எங்கள் அலுவலகத்தில் ஒரு கணினியைத் திறந்தபோது, வெப்பத்தகடுகளின் இடுக்குகள் சாம்பல் நிறக் கம்பளித் துணிபோல அடைந்து கிடந்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணினியை அணைத்து, மின்கம்பியை உருவிவிட்டு, விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொண்டு, அழுத்தக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். சில ஆண்டுகள் ஆன கணினியில் பிராசசருக்கும் வெப்பத்தகட்டுக்கும் இடையிலுள்ள பேஸ்ட் காய்ந்திருக்கலாம். மாற்றினால் பல டிகிரி குறையும். மடிக்கணினியின் பின்பகுதியை இரண்டு விரற்கடை உயர்த்தி வைப்பதும் உதவும்.

ஆறாம் படி: மின்சாரம்

2022, 2023 ஆம் ஆண்டுகளில் நாடு கண்ட கடுமையான மின்வெட்டு இப்போது தணிந்திருந்தாலும், திடீரென மின்சாரம் நின்றுபோவது இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. கோப்பு சேமிக்கப்பட்டுக்கொண்டிருக்கும் அந்த நொடியில் மின்சாரம் போனால் கோப்பே சிதையக்கூடும். மின்சாரம் நின்றதும் பேட்டரியால் சிறிது நேரம் கணினியைத் தாங்கும் யுபிஎஸ் வாங்கும்போது விஏ (வோல்ட்-ஆம்பியர்) எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். வாட் எண்ணைப் பாருங்கள். 650 விஏ என்று எழுதியிருக்கும் எளிய யுபிஎஸ்ஸின் பவர் ஃபேக்டர் (விஏ எண்ணில் வாட்டாகக் கிடைக்கும் பங்கு) 0.6 என்றால், அது தாங்குவது 390 வாட்தான். ரெண்டர் ஓடும்போது 450 வாட் இழுக்கும் கணினியை அதில் இணைத்தால், மின்சாரம் போன அந்தக் கணமே யுபிஎஸ்ஸும் கைவிரித்துவிடும். 1500 விஏ, 0.6 என்றால் 900 வாட், அது போதும். இன்வெர்ட்டரோடு இணைப்பதாக இருந்தால் சீரான மின்னலை தரும் ப்யூர் சைன் வேவ் வகையையே வாங்குங்கள். ரெவிட்டில் பலர் சேர்ந்து ஒரே கோப்பில் வேலை செய்யும் அலுவலகத்தில் ரூட்டரையும் சர்வரையும் யுபிஎஸ்ஸில் இணைக்க மறக்காதீர்கள்.

ஏழாம் படி: எதற்குப் பணம் செலவழிப்பது

இவ்வளவும் செய்த பிறகும் திணறல் நீடித்தால், முதற்படியில் எழுதி வைத்த தாளை எடுங்கள். கோப்பு திறப்பதும் சேமிப்பதும் தாமதம் என்றால், சுழலும் வட்டுக்குப் பதில் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி. பழைய வட்டு விநாடிக்கு 100 முதல் 150 எம்பி வரை படிக்கும்; சாட்டா எஸ்எஸ்டி சுமார் 550; என்விஎம்இ மூவாயிரத்துக்கும் மேல். ரேம் நிறைந்துவிடுகிறது என்றால் 32 ஜிபி. ரெவிட்டோடு ரெண்டரும் சேர்ந்து ஓடினால் 64. ஒரே ரேம் பலகையாக வாங்காமல் சம அளவுள்ள இரண்டை வாங்கினால் இரட்டைத் தடத்தில் ஓடும். வரையும்போது ஒரு கோர் மட்டும் உச்சத்தில் நிற்கிறது என்றால், கோர்களின் எண்ணிக்கையைப் பார்க்காமல் ஒரு கோரின் உச்ச வேகம் அதிகமான, அண்மைத் தலைமுறைப் பிராசசரைத் தேர்ந்தெடுங்கள். வி-ரே போன்றவற்றில் பிராசசரைக் கொண்டு ரெண்டர் செய்வோருக்கு மட்டுமே அதிகக் கோர்கள் பயன்படும். என்ஸ்கேப், லூமியன், ட்வின்மோஷன் ஆகிய ரெண்டர் மென்பொருள்களுக்குக் கிராபிக்ஸ் கார்டுதான் முதன்மை, அதிலும் அதன் சொந்த நினைவகம் முக்கியம். இன்றைய வேலைகளுக்கு 8 ஜிபி குறைந்த அளவு, 12 ஜிபி இருந்தால் நெருக்கடி இராது.

கடைக்குப் போகும்போது, உங்கள் கனமான மாடலையும் ஸ்கெட்ச்அப்பின் சோதனைப் பதிப்பையும் ஒரு யுஎஸ்பி வட்டில் எடுத்துச் செல்லுங்கள். வாங்க நினைக்கும் கணினியில் அதைத் திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அந்த மூன்று எண்களையும் கடையிலேயே அளந்து, பழைய தாளில் பக்கத்தில் எழுதி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.